பலாப்பழத்தோடு போன வீடு

தானே புயலில் விழுந்த முந்திரிக்குப் பதிலாக நட்ட ஒட்டுக்கன்று முதல் கொட்டை வைத்த வருஷம் அது. வைகாசி மாதம். தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். புயல், வெள்ளம், கலியாணம், சாவு இவற்றை வைத்துத்தான் எனக்கு வருஷம். அந்தப் புயல் அடித்து ஓய்ந்த காலையில் காடாம்புலியூரில் நின்று பார்த்தால் அடுத்த ஊர்க் கோயில் தெரிந்தது. எழுபது வருஷமாகத் தெரியாத கோயில். நடுவில் இருந்த தோப்பெல்லாம் படுத்துவிட்டது. நான் காவல் இருக்கும் தோப்பில் ஒரே ஒரு பலாமரம் நின்றது. அந்த மரத்துப் பழம் இரண்டைத் தோப்புக்காரர் கொடுக்க, சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, வலது கண் ஆபரேஷனுக்காக நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் புறப்பட்டேன்.

வெளிநாடு போய்வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கு டவுன்ஷிப்தான் வெளிநாடு. இருபது வருஷம் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்திருக்கிறேன். ஆனால் லாரி ஊரில் ஏற்றும், பள்ளத்தில் இறக்கும், திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும். நடுவில் இருக்கும் ஊரை லாரியின் பின்பலகை மேல் தொங்கிக்கொண்டு பார்த்ததோடு சரி. அங்கே ஒரு சோறு தின்றதில்லை, ஒரு நாள் தூங்கியதில்லை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து வூட்டு ரிட்டயர்டு வாத்தியார். என் பேச்சுக்குச் சட்டை மாட்டி விடுகிறார். இருக்கட்டும்.

முதல் நாளே வண்டி மாறிப் போனேன். டவுன்ஷிப் வாசல் ஆர்ச் பக்கத்தில் இறங்கி நின்றபோது ஒரு பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள், நானும் ஏறினேன். உள்ளே எல்லாரும் ஒரே நிறச் சட்டை. மடியில் டிபன் கேரியர், ஹெல்மெட். பக்கத்தில் இருந்தவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பெரியவரே, நீங்க எந்த ஷிப்டு?”

“கண்ணு ஆபரேசனுக்கு வந்தம்பா.”

“இது மைன்ஸுக்குப் போற வண்டி. அங்க மண்ணுக்குத்தான் ஆபரேசன் பண்றாங்க.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் திரும்பிப் பார்த்து, “பழத்தை எறக்கிட்டு ஆளை எறக்கி வுடலாமா?” என்றார். பழத்தோடு சேர்த்தே இறக்கிவிட்டார்கள். நல்ல மனுஷர்கள்.

எங்கள் ஊரில் வீடு என்றால் அடையாளம் இருக்கும். ஒன்று கோணல், ஒன்று ஓடு, ஒன்றின் வாசலில் எப்போதும் சண்டை. டவுன்ஷிப்பில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த செங்கல். ரோடு மட்டும் ஆறு மாதிரி அகலம், இரண்டு பக்கமும் மரம். என் மகள் கலைச்செல்வி ஒரு குவார்ட்டர்ஸின் பின்னறையில் இருக்கிறாள். நம்பரை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயும் இரண்டு வீட்டில் தப்பாக நுழைந்தேன். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா கதவைத் திறந்து, “ஏனுங்க, கலை அப்பாங்களா? வாங்க வாங்க” என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா. புருஷன் மைன்ஸில் பர்மனென்ட் வேலை.

அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பாடு. அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு ஆக்கியிருந்தார்கள். இரண்டையும் தனித்தனியாக ஆக்க அடுப்பு போதவில்லையோ என்று நினைத்தேன். நெய் ஊற்றி ஒரு வாய் வைத்தபின் அந்த நினைப்பு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பலாக்கொட்டையும் கருவாடும் போட்டு ஒரு குழம்பு வைப்போம் என்று சொன்னேன். “பழத்துக் கொட்டையோட மீனுங்களா?” என்று அவர் முகத்தைச் சுளித்தார். ஒரு பழத்தை அவருக்குக் கொடுத்தேன். இன்னொன்று மூலையில் இருந்தது.

இரண்டாம் நாள் ஆபரேஷன். ஒன்றும் வலியில்லை. கட்டுப் போட்டு, “குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தும்மக் கூடாது” என்று நர்ஸம்மா மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். தனியாக அறையில் கிடக்க வேண்டாம் என்று கலை தன் வேலை இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். சமூகப் பணி படித்தவள் அவள். ஒரு சின்ன ஆலோசனை மையம், ஒரே அறை, வெளியே வேப்பமரம். குடிக்கிற புருஷன், படிக்காத பிள்ளை, அடி, பயம், தூக்கம் வராமை என்று வருகிறவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அவள் கேட்பாள். எனக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. கேட்பதற்குச் சம்பளமா?

மத்தியானம் சாப்பிடும்போது, “நாளன்னிக்கு மேடம் வராங்க யப்பா” என்றாள்.

“எந்த மேடம்?”

“சாரதா மேடம். மாசத்துக்கு ஒரு நாள் எனக்கு சூப்பர்விஷன்.”

மைன்ஸில் எனக்குத் தெரிந்த சூப்பர்வைசருக்கு வாயில் விசில் இருக்கும். “தப்பு கண்டுபுடிக்க வராங்களா?” என்றேன்.

“ரெஜிஸ்டர் பாக்க ஒரு சார் வருவாரு, அவரு வேற. எத்தனை பேர் வந்தாங்க, கையெழுத்து இருக்கா, அதோட போயிடுவாரு. மேடம் வந்தா, நான் யார்கிட்ட என்னா பேசுனேன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாதத சொல்லிக் குடுப்பாங்க. அப்பறம், அவங்க அழுதப்ப உனக்கு என்னா ஆச்சுன்னு கேப்பாங்க.”

“அழுதது அவங்க. உனக்கு என்னா ஆவணும்?”

கலை சிரித்தாள். “அதுக்குத்தான் யப்பா அவங்க வராங்க.”

எனக்குப் புரியவில்லை. ஆனால் பெல்ட் ஞாபகம் வந்தது. மண்ணை அள்ளிக்கொண்டு மைல் கணக்கில் ஓடும் பெல்ட். பக்கவாட்டில் நெடுக ஒரு கயிறு போகும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். நாங்கள் இழுக்க மாட்டோம். இழுத்தால் மேஸ்திரி, “எவன்டா இழுத்தது?” என்றுதான் ஓடி வருவார். அதனால் கல் சிக்கினாலும் ரோலர் புகைந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு வேறொரு மேஸ்திரி வந்தார். அவர் ஓடி வந்தால் கேட்பது, “என்னா பாத்த?” அவ்வளவுதான் வித்தியாசம். அவர் இருந்தவரை எங்கள் கொட்டகையில் யாருக்கும் விரல் போகவில்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்பது உட்பட எனக்கு ஞாபகம் இருக்கிறது, சேத்தியாத்தோப்பு. இது எதற்கு என்று கேட்காதீர்கள், வரும்.

சாப்பிட்டபின் நாற்காலியை நிழல் பார்த்துப் போட்டுக்கொண்டேன். நிழல் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. கண்ணை மறைத்தால் காது பெரிதாகிவிடும் போலிருக்கிறது. உள்ளே ஒரு பெண் பேசினாள். அவள் புருஷன் அவளை அடிக்கிறான் என்பது மட்டும் உங்களுக்குப் போதும். மற்றதை வாத்தியாரிடமே நான் சொல்லவில்லை. பேச்சுக்கு நடுவில் அவள் மாமனார் பெயர் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மனுஷன் என்னோடு ஒரே கொட்டகையில் கஞ்சி குடித்தவன்.

நாலாம் நாள். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டை கை மீறினால், பெரியவர் ஒருத்தர் பழமோ வெற்றிலையோ எடுத்துக்கொண்டு அந்த ஆம்பளையிடம் போய் நல்லவிதமாக நாலு வார்த்தை பேசுவார். அவன் தலையை ஆட்டுவான். காப்பி வரும். விஷயம் முடிந்தது என்று எல்லாரும் வேலையைப் பார்க்கப் போவோம். பெரியவர் என்று ஒருவன் சும்மா இருக்கும்போது ஒரு பெண் ஜன்னலுக்குள் அழலாமா? அன்றைக்கு அறையிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கலை வேலைக்குப் போனபின் மூலையில் இருந்த பழத்தை எடுத்துத் தலையில் வைத்தேன். கனம் தூக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னதில் தலை சேருமா என்று யோசித்தேன். சேராது என்று முடிவு பண்ணினேன்.

டீக்கடையில் இன்னாருடைய மகன் வீடு எது என்று கேட்டேன். கை காட்டினார்கள். முதல் ஷிப்ட் முடிந்து அவன் வீட்டில் இருந்தான். வாட்டசாட்டமான ஆள், மரியாதையான பேச்சு.

“உங்கப்பாவும் நானும் ஒண்ணா பெல்ட்டுல மண்ணு வாரினவங்கப்பா.”

“வாங்க பெரியப்பா. உக்காருங்க. பழமெல்லாம் எதுக்குங்க?”

அவனே உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தான். வாசலில் பெண்பிள்ளைச் செருப்பு இருந்தது, அவள் வெளியே வரவில்லை. நான் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

“வூடுன்னா நாலு சத்தம் இருக்கும்பா. கை மட்டும் நீளக் கூடாது. உன் பொண்டாட்டி என் பொண்ணுகிட்ட வந்து அழுவுது.”

“அப்படிங்களா பெரியப்பா? எப்ப வந்தா?”

“நேத்துதான்.”

“சரிங்க பெரியப்பா.” பழத்தின் முள்ளைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். “இனிமே அப்படி ஆவாதுங்க.”

திரும்பி வரும்போது டவுன்ஷிப் ரோடு எனக்கு மிகவும் அழகாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கலை தட்டு போட்டாள். “யம்மா, நேத்து வந்து அழுதுகினு இருந்துச்சே ஒரு பொண்ணு, அந்த வெவகாரத்தைப் பேசி முடிச்சிட்டேன்” என்றேன்.

அவள் கை சோற்றிலேயே நின்றது. “யார்கிட்ட பேசுன?”

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னாள்: “அவ தையல் கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்துகினு இருந்தா யப்பா. ஆறு மாசமா.”

அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. பிறகு மேடம் நம்பரை எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். “சொன்னா என் வேலை போயிடும். அப்பனை ஜன்னலுக்குக் கீழ உக்கார வெச்சது நான்தானே? எப்படியும் நாளைக்கி வராங்க. நேர்ல சொல்லிக்கலாமா?” என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது. ரோலர் புகைகிறது, நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

“இழுத்துடும்மா” என்றேன். நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் பட்டனை அழுத்தினாள்.

“மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. என் பக்கத்துல.”

நடந்ததைச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. திருநெல்வேலிப் பேச்சு. முதல் கேள்வி, யார் செய்தது என்பது இல்லை. “அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கா? யாரு போய்ப் பாக்க முடியும்?”

தையல் டீச்சர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். விஷயம் அறிந்தவர், ஏதாவது என்றால் துணி கொடுக்கும் சாக்கில் வந்து பார்ப்பது என்று அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் முன்பே ஏற்பாடு. கலை ஃபோனில் சொன்னதும், தைக்கக் கொடுத்த ரவிக்கையைத் திருப்பித் தருகிற மாதிரி உடனே கிளம்பினார். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். கதவைத் திறந்தது அவள்தான். பின்னால் அவன் நின்றான். முகத்தின் ஒரு பக்கத்தை முந்தானையால் மூடியிருந்தாள். ‘ரெண்டு நாள் கழிச்சு கிளாஸுக்கு வரேன் அக்கா’ என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டு ரவிக்கையை வாங்கிக்கொண்டாள். அதன் மடிப்பில், ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய நம்பர் இருந்தது. கலை அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சாரதா மேடம் வந்தார். விசில் இல்லை, ஃபைல் இல்லை. ஒரு துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும். வந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் போனேன்.

“ஐயா, அங்க நீங்க பேசினத ஒரு வார்த்தை விடாம சொல்லுதீங்களா? அவரு என்ன சொன்னாரு, கை எங்க இருந்துச்சு, எல்லாம் வேணும்.”

சொன்னேன். காப்பி யார் போட்டது, செருப்பு எந்தப் பக்கம் கிடந்தது, கட்டை விரல் முள்ளைத் தேய்த்தது, ‘எப்ப வந்தா’ என்று அவன் கேட்ட வேகம். மேடம் எழுதிக்கொண்டே கலையிடம் திரும்பி, “அப்ப அவருக்கு நேத்து ஒரு தடவை வந்தது மட்டுந்தான் தெரியும். ஆறு மாசம் தெரியாது. அத வெச்சு யோசிப்போம்” என்றார். என் ஞாபகம் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு என்னைக் கேட்டார்: “பழத்தோட திரும்பிப் போறப்ப, இல்ல, பழத்தைக் குடுத்துட்டுத் திரும்பி வாறப்ப, உங்க மனசுல என்ன இருந்துச்சு ஐயா?”

“பெருமைங்க.”

“இதுக்கு முன்ன எங்கயாவது இப்படிப் போயிருக்கீங்களா?”

என் தங்கச்சி அஞ்சலை. அவளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு இதே மாதிரி ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். முப்பத்தஞ்சு வருஷம் இருக்கும், வெள்ளாற்றில் தண்ணீர் வந்து பாலத்துக்கு மேல் போன வருஷம். மச்சானிடம் நல்லவிதமாகப் பேசினேன். அவரும் காப்பி கொடுத்தார். ‘சரி மச்சான்’ என்றார். அதற்குப் பிறகு அஞ்சலை என்னிடம் ஒன்றும் சொன்னதே இல்லை. சண்டை தீர்ந்துவிட்டது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“போயிருக்கேங்க” என்றேன். மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார்கள். நாற்காலி ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதை இழுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப்புறம், வெயிலில், பேச்சு கேட்காத தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். மண்டை காய்ந்தது.

கலை வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் மெஸ்ஸில் நாலு இட்லி தின்றாள். உள்ளே நடந்ததை நான் கேட்கவில்லை. அவளே ஒன்று மட்டும் சொன்னாள்.

“மேடம் அந்தப் பொண்ணா உக்காந்துகினு என்னைப் பேச சொன்னாங்க யப்பா. அவளைப் பாத்தா என்னா சொல்லுவேன்னு. மொத தடவ பேசுனப்ப உன்னைத்தான் திட்டிகினு இருந்தேன். ரெண்டாவது தடவ என்னை நெனச்சு அழுதேன். மூணாவது தடவதான் அவகிட்ட பேசுனேன்.”

“வேலை?”

“போவல. மேலிடத்துக்கு நடந்தத நானே எழுதிக் குடுக்கணும். மேடமும் கூட எழுதுவாங்க. ஜன்னலுக்குக் கதவு போடணும்.”

“என்னைத் திட்டுனது தெருவு வரைக்கும் கேட்டுச்சு” என்றேன்.

“பொய் சொல்லாத. நீ வெயில்ல உக்காந்திருந்தத நான் பாத்தேன்.”

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கிடந்தேன். எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எட்டாம் நாள் ஊருக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பின்னால் ஒரு பெண் குரல் கண்டக்டரிடம் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி, பஸ் எப்போது என்று கேட்டது. என் காதுக்கு அந்தக் குரல் தெரியும். கூட ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. தையல் டீச்சரும் நின்றிருக்க வேண்டும், ‘பையை நான் புடிச்சிக்கறேன்’ என்று யாரோ சொன்னார்கள். எனக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. எதிரே இருந்த பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாரை எண்ணிக்கொண்டு நின்றேன். பஸ் போனபின் என் பஸ் வந்தது. அவர்கள் ஏறியது எந்த ஊர்ப் பஸ் என்று சொல்ல மாட்டேன்.

ஊருக்கு வந்த வாரம் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். மச்சான் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. வெறுங்கையோடுதான் போனேன். ‘அப்ப என்னாம்மா நடந்துச்சு?’ என்று கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இப்ப வந்து கேக்கறியே, போ” என்றாள். பிறகு சாயந்தரம் வரை சொன்னாள். அதுவும் இங்கே எழுதுவதற்கு இல்லை.

இந்தக் கதையை எழுதலாமா என்று போன வருஷம் கலையிடம் கேட்டேன். அவள் அந்தப் பெண்ணிடமே கேட்டுச் சொன்னாள். அந்தப் பெண் இப்போது தன் கையால் தைத்துப் பிழைக்கிறாள். ‘எழுதட்டும். பேர் வேணாம், ஊர் வேணாம். அந்தப் பழத்துல ஒரு சொளை கூட நான் தின்னலன்னு மட்டும் அந்தத் தாத்தாகிட்ட சொல்லுங்க’ என்றாளாம். அதனால் இதில் நாளையும் ஷிப்டையும் இடத்தையும் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன். பழம் மட்டும் நிஜம்.

இதைக் கேட்டவர்கள், படித்தவர்கள், என்னைப் போலப் பழம் தூக்கிக்கொண்டு போகிற பெரியவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அவர்களிடம் என் தப்பைச் சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லலாம், ஏழுமலை. முதலில் அவளிடம் கேட்கச் சொன்னான் என்று சொல்லுங்கள். அந்த வீடு எது என்று யாராவது கேட்டால், கிழவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அது மட்டும் மறந்துவிட்டது என்று சொல்லுங்கள்.